உங்க வீட்டு ரோஜாவுக்கு என்ன பெயர்?



ராஜபாளையத்துக்காரர் நாய்க்குட்டி வாங்கப் போனால், வெள்ளையாக இருக்கிறதே என்று சும்மா தூக்கிக்கொண்டு வந்துவிட மாட்டார். மூக்கு இளஞ்சிவப்பா, காது எப்படி மடிகிறது, கால் நீளமா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். மாம்பழம் என்றால் சப்பட்டையா, பஞ்சவர்ணமா என்று மோந்தே சொல்லிவிடுவார். அதே வீட்டுக் கிணற்றடியில் பாட்டி காலத்து ரோஜாச் செடி ஒன்று நிற்கும். அது என்ன ரோஜா என்று கேட்டுப் பாருங்க. "அதுவா, பன்னீர் ரோஸ்" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கேட்டாலும் இதே பதில்தான். வாசனையுள்ள இளஞ்சிவப்பு ரோஜா எல்லாமே நமக்குப் பன்னீர் ரோஸ்!

இதிலே என்ன நஷ்டம் என்று கேட்கலாம். குல்கந்து போடலாம், பன்னீர் இறக்கலாம் என்று நூறு கன்று வாங்கி நடுகிறவருக்கு நஷ்டம் உண்டு. வேறு செடியை நட்டிருக்கிறோம் என்பது அவருக்குப் பூ பூத்த பிறகுதான் தெரியும். இன்னொரு நஷ்டம், பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது வருவது. பெயர் தெரியாத செடியை யாரும் காப்பாற்ற நினைப்பதில்லை. மண்வெட்டி முதலில் விழுவது அதன் மேல்தான்.

அசல் பன்னீர் ரோஜா என்பது டமாஸ்க் ரோஜா. உத்தரப் பிரதேசத்தில் கன்னோசி, ஹாத்ரஸ் பக்கம் அத்தருக்கு வளர்க்கிறார்களே, அதுதான். இதன் தண்டில் பெரிய முள்ளும் மயிர் போன்ற சின்ன முள்ளும் கலந்து நெருக்கமாக இருக்கும். இலை வெளிறிய பச்சை. அடிப்பக்கத்தைத் தடவினால் மெத்தென்று இருக்கும். மொட்டை மூடியிருக்கும் பச்சை இதழ்கள் நீண்டு, நுனியில் குட்டி இலை போல விரிந்திருக்கும். பூவுக்கு அடியில் உள்ள காய்ப்பகுதி உருண்டையாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். முக்கியமாக, இதற்குக் குளிர் வேண்டும். வட நாட்டில் பனிக்காலம் போன கையோடு சில வாரம் கொட்டிப் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். நம்ம கரிசல் வெயிலில் அது சரியாகப் பூக்காது.

அப்படியானால் மாதம் தவறாமல் பூக்கிற உங்க வீட்டுப் "பன்னீர் ரோஸ்" எது? பெரும்பாலும் எட்வர்டு ரோஜாவாக இருக்கும். முள் கொஞ்சம் தூரம் விட்டு, தடித்து, கொக்கி போல வளைந்திருக்கும். இலை வழவழப்பு. பூ நல்ல அடர்ந்த ரோஸ் நிறம், கிண்ணம் போல் குவிந்து மணக்கும். மாலைக்கு உதிரிப் பூவாக நம் பக்கம் காலங்காலமாகப் பயிராகிறதும் இதுதான். எட்வர்டு மகாராஜா பெயர் என்று நினைக்கிறவர் உண்டு. அவர் பட்டத்துக்கு வந்தது 1901-இல். இந்த ரோஜா 1820-க்கு முன்னாலேயே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குப் புர்போன் தீவு என்று பெயர். அங்கே வேலியில் வைத்திருந்த சீன ரோஜாவும் டமாஸ்கும் தாமாகக் கலந்து பிறந்த செடி இது. பிரெஞ்சுக்காரர் அதை 'எடுவார்' என்றார்கள். நம்ம வாயில் அது எட்வர்டு! தாயாதி உறவு இருப்பதால்தான் பன்னீர் வாசனையும் வருகிறது.

(திருச்செந்தூரில் விபூதி தருகிற பன்னீர் இலை வேறு மரத்து இலை. ரோஜாவோடு அதைச் சேர்க்க வேண்டாம்.)

சீன ரோஜாவைக் கண்டுபிடிப்பது சுலபம். முள் குறைவு, ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலை, மெல்லிய செடி. காலையில் வெளிறிப் பூத்த பூ, வெயில் பட்டு மறுநாள் இன்னும் சிவந்திருக்கும். மற்றப் பழைய ரோஜாக்கள் வெயிலில் வெளுக்கும். ஒரே பூவை இரண்டு நாள் பார்த்தால் போதும்.

"நர்சரியில் மஞ்சள் ரோஸ் வாங்கினேன், இப்போ சிவப்பா பூக்குதுங்க, மண்ணோட குணமா?" என்று கேட்பார்கள். மண்ணின் மேல் பழி போடாதீங்க. ஒட்டுப் போட்ட மேல்செடி செத்து, அடிச்செடி கிளம்பிவிட்டது. ஒட்டுக் கணுவுக்குக் கீழிருந்து வந்த கிளையா என்று மண்ணைத் தள்ளிப் பாருங்க. நம் நாட்டில் எட்வர்டையே அடிச்செடியாக வைப்பதுண்டு. மல்டிஃப்ளோரா என்ற கொடி ரோஜாவும் வைப்பார்கள். அதற்கு ஒரு நல்ல அடையாளம்: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் சிறகு மாதிரி இருக்கிறதே, அது சீப்புப் பல் போலக் கிழிந்திருக்கும். ஏழு இலை வந்தாலே காட்டு ரோஜா என்று வெட்டிவிடுகிறார்கள். அது தப்பு, நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வரும்.

இவ்வளவு பார்த்தும் பெயர் பிடிபடவில்லையா? பிடிபடாததற்கு நீங்களாக ஒரு நிரந்தரப் பெயர் வைக்கக் கூடாது. புது ரோஜாவை உண்டாக்கியவர்தான் பெயர் வைக்கலாம். கொடைக்கானலில் வீரராகவன் - கிரிஜா தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்குத் தாவர விஞ்ஞானி ஈ. கே. ஜானகி அம்மாள் பெயரை வைத்தார்கள். அது முறை. கிடைத்த செடிக்கு என்ன செய்வது? பெர்முடா தீவுக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பழைய தோட்டங்களில் கிடைத்த பெயரில்லா ரோஜாக்களை, 'ஸ்மித்ஸ் பாரிஷ்' என்பது போல ஊர்ப் பகுதியின் பெயரால் தற்காலிகமாக அழைக்கிறார்கள். உண்மைப் பெயர் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நீங்களும் "மேட்டுத் தெரு கிணற்றடி" என்று மேற்கோள் குறிக்குள் எழுதி வையுங்க. கூடவே முள், இலை, மொட்டு, மணம், பூத்த மாதம் ஆகியவற்றையும் எழுதணும். செல்போனில் பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது. தண்டையும் மொட்டையும் எடுங்க. யார் வைத்த செடி என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்க.

வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால் பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐப்பசியில் கவாத்து செய்கிற சமயம் பென்சில் கனத்துக் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் பதியம் வையுங்க. பழைய ரோஜாக்களுக்குச் சொந்த வேரே போதும், ஒட்டு வேண்டியதில்லை. பத்துக் குச்சி வையுங்க, நாலு பிழைத்தாலும் லாபம். இரண்டை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க, ஒரு இடத்தில் பட்டாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். பெயர்ச் சீட்டைப் பேனாவால் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டுங்க.