கருமத்தம்பட்டியில் பட்டம் பெற்றவர்

சோமனூரிலிருந்து வண்டியில் கிளம்பினால் சிறிது நேரத்தில் கருமத்தம்பட்டி வந்துவிடும். சேலம்–கோவை நெடுஞ்சாலையில் பறக்கிறவர்களுக்கு அது இன்னொரு நிறுத்தம். எங்களுக்கு ஜெபமாலை மாதா ஊர். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊரில் ஒரு பிரெஞ்சுக் குருவுக்கு ஆயர் பட்டம் நடந்தது. அந்தக் காலத்தில் அக்டோபர் முதல் ஞாயிறுதான் ஜெபமாலை மாதா திருநாள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ஆயர் பொன்னான் பட்டம் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். வயது 32. இன்றைய கோவை மறைமாவட்டத்தின் ஆயர் வரிசை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

எட்டு ஆண்டு நிறைவதற்குள் அவர் இங்கிருந்து போய்விட்டார். யாரும் துரத்தவில்லை. மனசாட்சி உறுத்தியதால் போனார்.

நான் கூலிக்குத் தறி ஓட்டும் வீட்டில் பிறந்து, அதே போன்ற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். பிரெசியாக்கைத் தேடிப் படித்தது என் தம்பிக்காக. குருமடத்துக்குப் போய்ச் சில வருடங்கள் படித்து, "இது எனக்கான வழிதானா என்று தெரியவில்லை" என்று திரும்பி வந்தவன் அவன். "சாமியாருக்குப் படிக்கப் போன பையன் ஓடி வந்துட்டானுங்களா?" என்று தறிச் சத்தத்தையும் மீறி அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு கொஞ்ச நாள் முன்பெஞ்சில் உட்காரவில்லை. அழைத்தலில் உறுதியாக இருப்பது என்றால் போன இடத்திலேயே கடைசி வரை கிடப்பது என்று எங்கள் ஊர் நினைக்கிறது. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். பிரெசியாக்கின் வாழ்க்கை அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

அவர் 1813இல் பிரான்சின் தெற்கே காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தார். 1838இல் குருவானார். கடல் கடந்து மறைப்பணிக்குப் போகிறேன் என்றபோது தந்தை ஒப்பவே இல்லை. அந்த எதிர்ப்பை மீறி 1841இல் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டே புதுச்சேரியில் வந்து இறங்கினார். சேலம் பக்கம் தங்கித் தமிழ் படித்தார். பிறகு புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. இந்தியத் திருச்சபையை இந்தியக் குருக்களே நடத்த வேண்டும், இந்தியர்களே ஆயர்களாக வேண்டும் என்பதில் அவர் மிகவும் பிடிவாதமாக இருந்தார். உடன் வந்த வெள்ளைக்காரக் குருக்கள் பலருக்கு அது எட்டாத பேச்சாகத் தெரிந்தது. இந்தியரான திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியில் ஆயரானது 1923இல். பிரெசியாக் சொன்னது நடக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவரை அலைக்கழித்தது சாதி. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, இந்த நாட்டுப் பழக்கங்களோடு ஒத்துப்போய்க் கிறிஸ்தவத்தைச் சொன்னார். பொட்டு வைப்பது, பூணூல் அணிவது, சடங்குக் குளியல் என்று பலவும் வெறும் சமூக வழக்கம்தான் என்பது அவர் வாதம். அந்த வாசல் வழியே சாதியும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே கோயிலில் தனித்தனி இடம், தனித்தனிக் கல்லறை. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இந்த வழக்கங்கள் குறித்துக் கட்டளை இட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் நோயில் கிடந்தால் அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அன்று இங்கே வந்த மறைப்பணியாளர் ஒவ்வொருவரும் அந்தக் கட்டளையைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

சத்தியம் செய்தார்கள். நடைமுறை வேறாக இருந்தது. எது சமூக வழக்கம், எது விசுவாசத்துக்கு விரோதம் என்பதில் குருக்களே பிரிந்து நின்றார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்ததை இன்னொருவர் பாவம் என்றார். இளம் குருவாக இருந்தபோது மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கலாம். ஆயராகிவிட்டால், சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. ஒவ்வொரு முடிவிலும் சத்தியத்தை மீறுகிறேனோ என்ற பயம் பிரெசியாக்கைப் பிடித்துக்கொண்டது. தெளிவாகச் சொல்லுங்கள் என்று உரோமைக்குக் கடிதம் எழுதினார். தெளிவு வரவில்லை. 1854இல் நேரிலேயே உரோமைக்குப் போனார். அடுத்த ஆண்டு அவரது பதவி விலகலை ஏற்றுக்கொண்டார்கள்.

அவரைவிடத் துணிச்சலாகச் சாதியை எதிர்த்தவர்கள் இருக்கிறார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் கௌசானல் அடிகள் இடித்தே போட்டார். பிரெசியாக் அப்படி எந்தச் சுவரையும் இடிக்கவில்லை. ஆனால், கண்ணுக்கு முன் நடப்பதைப் பார்த்தும் பாராததுபோல் பட்டம், மரியாதை, நாற்காலியோடு அவரால் இருக்க முடியவில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றும் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதி எல்லை இருப்பதைத் தெரிந்துகொண்டே திருவிழா நடத்துகிற நமக்கு, அவர் தூக்கமில்லாமல் தவித்தது உறைக்க வேண்டும்.

பதவி போன பிறகு அவர் கொஞ்ச காலம் வெர்சாய் நகரில் கப்புச்சின் துறவிகளோடு தங்கினார். நாற்பதைத் தாண்டிய வயது. இந்தியாவில் கற்ற தமிழுக்கு இனி வேலை இல்லை. அங்கேயே அமைதியாக ஜெபத்தில் காலம் கழித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, மறைப்பணியாளர்கள் யாரும் போகாத ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு என்னை அனுப்புங்கள், தகோமே நாட்டைக் கொடுங்கள் என்று உரோமையிடம் கேட்டார். தனி ஆளாகப் போக வேண்டாம், முதலில் ஒரு சபையை உண்டாக்கு என்று பதில் வந்தது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில், ஃபூர்வியேர் மாதா கோயிலில், ஒரு சிறு கூட்டத்தோடு ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். உரோமை கொடுத்தது தகோமே அல்ல, சியரா லியோன். ஐரோப்பியர்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் சாகும் கரை அது.

1859 மே 14 அன்று ஃப்ரீடவுனில் கரையிறங்கினார். மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. அவரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஜூன் 25 அன்று அவரும் இறந்தார். வயது 45. ஒரே ஒரு சகோதரர் மட்டும் நோயோடு பிரான்சுக்குத் திரும்பினார்.

இதைப் படித்துச் சொன்னபோது என் தம்பி கேட்டான்: "அப்ப அவரு தோத்துட்டாராக்கா? கோயமுத்தூரும் போச்சு, ஆப்பிரிக்காவும் ஆறு வாரத்துல முடிஞ்சு போச்சு."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனிடமும் சொன்னேன். காஸ்தெல்நோதாரியில் கேட்ட அழைப்பைத்தான் அவர் கடைசி வரை பின்தொடர்ந்தார். கோவை அதில் ஒரு தங்கல். அங்கிருந்து எழுந்துபோக அவருக்கு வேண்டியிருந்த துணிச்சல், அங்கே வந்து சேர வேண்டியிருந்ததைவிடக் குறைந்ததல்ல. தம்பி இப்போது பாவு ஏற்றிவிட்டு, ஞாயிறன்று என்னோடு மறைக்கல்வி எடுக்க வருகிறான். குருவாகப் போவானா, குடும்பஸ்தனாவானா என்று அவனும் தேடிக்கொண்டிருக்கிறான். நான் அவசரப்படுத்துவதில்லை. அம்மாவும் இப்போது முன்பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், பிரெசியாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். கருமத்தம்பட்டித் தேருக்கு வருகிற பலருக்கு இன்னும் அவர் பெயர் தெரியாது. இந்த அக்டோபரில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறோம். ஃப்ரீடவுன் சாவுகளோடு கதையை முடிக்கப் போவதில்லை. செய்தி லியோனுக்குப் போனபோது அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒகுஸ்தான் பிளாங்க் என்ற இளம் குரு. ஸ்தாபகர் இல்லை, முதலில் போனவர்கள் இல்லை, கையில் சில மாணவர்கள் மட்டும். சபையைக் கலைத்திருந்தால் அது நியாயமாகவே பட்டிருக்கும். அவர் கலைக்கவில்லை. 1907இல் இறக்கும் வரை அவர்தான் அதை நடத்தினார். இன்று அந்தச் சபையில் இந்தியக் குருக்களும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவில் பணி செய்கிறார்கள். ஃப்ரீடவுன் சாவுகளுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1861இல், சபையின் அடுத்த அணி போர்கெரோ அடிகளின் தலைமையில் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது. இறங்கிய இடம் தகோமே.