வலைப்பக்கம் அமைத்துப் பிழைக்கலாமா?



மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவ், ஜாசின், தெபோங், அலோர் காஜா ஆகிய வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில் இன்று ஒரு கேள்வி பரவலாக எழுந்து வருகிறது. மகனோ மகளோ கணினி படித்திருப்பார். ஆயர் குரோவுக்கோ பத்து பிரண்டாமுக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. சிங்கப்பூருக்கு அனுப்பி வைக்கப் பெற்றோருக்கு மனமில்லை. "வீட்டில் இருந்தபடியே கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து கொடுக்கிறேன், கூடவே ஒரு வலைப்பூவும் நடத்துகிறேன், அதில் விளம்பரப் பணம் வரும்" என்கிறார் பிள்ளை. "கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் காசு கொட்டுமா?" என்கிறார் தாயார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எது அந்தப் பாதி என்பதைத்தான் இன்று ஆராய்ந்து பார்க்கவிருக்கிறோம்.

முதலில் வலைப்பூவை எடுத்துக்கொள்வோம். வலைப்பூ என்பது ஒருவர் தம் கருத்துகளையும் செய்திகளையும் நாள்வரிசையில் எழுதி இணையத்தில் வெளியிடும் ஏடு. 1999-இல் 'பிளாக்கர்' என்னும் சேவையும் 2003-இல் 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருளும் வந்த பிறகு, அச்சகமும் முதலீடும் இல்லாமலே எவரும் இத்தகைய ஏட்டை நடத்த முடிந்தது. அதே 2003-இல் கூகுள் நிறுவனம் 'ஆட்சென்ஸ்' என்னும் விளம்பர ஏற்பாட்டைத் தொடங்கியது. நம் பக்கத்தில் ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் கூகுளே அங்கு விளம்பரத்தை இட்டு, வரும் பணத்தில் ஒரு பங்கை நமக்குத் தருகிறது. ஆயினும் ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பெற்றது 2018 பிப்ரவரியில்தான். தமிழில் வலைப்பூ எழுதத் தொடங்கிய முதல் தலைமுறையினர் பல ஆண்டுகள் ஒரு காசும் எதிர்பாராமல் எழுதினார்கள் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

சரி, இப்போது எவ்வளவு வரும்? ஆயிரம் முறை பக்கம் திறக்கப்பட்டால் ஓர் அமெரிக்க டாலர் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்டால்தான் கூகுள் பணத்தை அனுப்பும். ஆக, பக்கம் ஒரு லட்சம் முறை திறக்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு 300 பேர் வந்து படித்தால் இதற்குப் பதினொரு மாதங்கள் ஆகும். தினமும் 300 பேரை வரவழைப்பதும் எளிதன்று. விளம்பர விலை ஏலத்தில் முடிவாகிறது. அமெரிக்க வாசகருக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலையைத் தமிழ் வாசகருக்குக் கொடுப்பதில்லை.

ரப்பர் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வாளி நிறையப் பால் இருந்தாலும் கூலிக் கணக்குக்கு வருவது அதிலுள்ள உலர்ந்த ரப்பர்தான். நூற்றுக்கு முப்பது நாற்பது பங்குதான் அது. வலைப்பூவுக்கு வரும் கூட்டமும் அத்தகையது. பார்த்தவர் எத்தனை பேர் என்பதைவிட, விளம்பரதாரர் தேடும் வாசகர் எத்தனை பேர் என்பதே பணமாகிறது. கூட்டத்தைப் பெருக்கிக் காட்ட எண்ணித் தன் விளம்பரத்தைத் தானே சொடுக்குவது, நண்பர்களை விட்டுச் சொடுக்கச் செய்வது முதலிய தந்திரங்களைச் சிலர் கையாள்வதுண்டு. பாலில் தண்ணீர் கலந்தவரை மெட்ரோலாக் கருவி காட்டிக் கொடுத்தது போலவே, கூகுளின் கணக்கும் இதைக் கண்டுபிடித்துவிடும். கணக்கு முடக்கப்படும், சேர்ந்த பணமும் போய்விடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஒரு ரகசிய எண்ணைக் கடிதத்தில் அனுப்புகிறார்கள். வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். தோட்டத்து லயங்களில் கடிதங்கள் ஆபீஸ் வழியாக வரும் இடங்களில் இருப்போர், பட்டணத்தில் உள்ள உறவினரின் முகவரியைக் கொடுப்பது நல்லது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

எனவே விளம்பரப் பணத்தை மட்டும் நம்பி வலைப்பூ தொடங்குவது, என் கருத்தில், வீண் வேலை. அப்படியானால் வலைப்பூவே வேண்டாமா என்றால், வேண்டும். அதை வருமானமாகக் கொள்ளாமல் கடையின் முகப்பாகக் கொள்ள வேண்டும். வருமானம் தருவது கைத்திறன்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய தமிழ் எழுத்துருப் பணி 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளாக வளர்ந்தது. 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று கைப்பேசிக்கான 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஆப்பிள் கணினிகளில் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்னும் எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள், 'எம்.என்.' என்பது அவர் பெயரின் முதலெழுத்துகளே. விளம்பரத்துக்குக் கூட்டம் சேர்த்து அவர் இந்நிலையை எட்டவில்லை. தமிழ் எழுத்து கணினியில் எப்படி நிற்க வேண்டும் என்னும் நுட்பத்தை ஆழக் கற்றார். உலக நிறுவனங்களுக்கு அது தேவைப்பட்டது.

அவ்வளவு உயரம் எல்லாராலும் ஏற முடியாது, உண்மைதான். ஆனால் அதே நுட்பத்தின் ஒரு சிறு பகுதி மலாக்காவிலேயே விலை போகும். கோயில் திருவிழா மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், திருமண அழைப்பிதழ்கள் பலவும் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். இவற்றை 'யூனிகோடு' முறைக்கு மாற்றி, பிழை திருத்தி, வலைப்பக்கத்தில் ஏற்றித் தருவதற்குத் தமிழ் தெரிந்த வடிவமைப்பாளர் வேண்டும். கோலாலம்பூரில் உள்ள பெரிய நிறுவனம் இதற்காக ஜாசினுக்கு வரப்போவதில்லை.

வாடிக்கையாளர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். மலாக்கா நகரம் 2008-இல் ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பட்டது. அதனால் வரும் சுற்றுப்பயணிகளை நம்பித் தங்குவிடுதிகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஜாலான் பெண்டஹாரா வட்டாரத்து லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகள், நகைக்கடைகள், பூக்கடைகள். இவை தவிர மணவறை அலங்காரம் செய்வோர், விருந்துச் சமையல் எடுத்துச் செய்வோர், டியூசன் வகுப்பு நடத்துவோர். "எனக்குத்தான் பேஸ்புக் இருக்கிறதே, வலைப்பக்கம் எதற்கு?" என்று இவர்கள் கேட்பார்கள். பேஸ்புக்கில் நேற்றுப் போட்ட விலைப்பட்டியல் நாளை கீழே போய்விடும். வெளியூர்க்காரர் கூகுளில் தேடும்போது முகவரியும் திறக்கும் நேரமும் விலையும் ஓரிடத்தில் நிலையாகக் கிடைக்க வேண்டும் என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பிழையின்றி எழுதத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கூடுதல் பலம் இருக்கிறது.

வலைப்பூ பயன்படும் இடம் இதுதான். ஜாலான் துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகம், காஜா பெராங் செட்டிகளின் சமையல் என்று மலாக்காவைப் பற்றியே நல்ல படங்களுடன் எழுதுங்கள். அழகாக அமைந்த அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, "இதைப்போல் உங்கள் கடைக்கும் செய்து தருகிறேன், அண்ணே" என்று கேட்டால் கடைக்காரர் காது கொடுப்பார். ஒரு கடைக்கு 800 வெள்ளி என்று வைத்தாலும், மேலே சொன்ன வலைப்பூக் கணக்கில் ஒன்றரை ஆண்டுக்கும் குறையாத விளம்பரப் பணம் அது.

வேலை எடுக்கும்போது சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதை ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள். வலைப்பக்கத்தின் பெயரை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அந்தப் பெயருக்கும் தளம் குடியிருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவணை தவறினால் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம், பழி உங்கள் மீது விழும். தோட்டத்தில் இருப்போருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. அலைவரிசைக் கோடு ஒன்றோ இரண்டோ தெரியும் இடத்தில், விலை குறைந்த கைப்பேசியில், பக்கம் உடனே திறக்கிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்க்கலாம். நகரத்து வடிவமைப்பாளர் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

வெளிநாட்டு வேலையும் கிடைக்கும். 'அப்வொர்க்', 'ஃபைவர்' முதலிய தளங்களில் உலகெங்குமிருந்து வேலை கொடுக்கிறார்கள். ஃபைவர் நூற்றுக்கு இருபது பிடித்துக்கொள்ளும். 100 டாலர் வேலையில் 80 டாலர் உங்களுக்கு. நியூயார்க்கில் பகல் என்றால் நமக்கு நள்ளிரவு. ஆகவே பகலில் தூங்குகிறான் என்று பிள்ளையை ஏசுவதற்கு முன் இதைப் பெற்றோர் கருத வேண்டும். (இரவெல்லாம் விளையாட்டு ஆடிவிட்டுத் தூங்குபவர்களும் உண்டு; அதைக் கண்டறியும் பொறுப்பு வீட்டாருடையது.)

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின், எளிய பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவே நொடியில் எழுதித் தருகிறது. வெறும் பக்கம் கட்டிக் கொடுப்பதை மட்டும் தொழிலாகக் கொண்டவரின் விலை இதனால் சரியும். கடைக்குப் போய்ப் படம் எடுப்பது, கடைக்காரர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுவது, மாதந்தோறும் விலையை மாற்றிக் கொடுப்பது ஆகிய பணிகள் மனிதர் கையில் நிற்கின்றன. இக்கலையை முறையாகக் கற்க விரும்புவோர் ஜாசின், மஸ்ஜித் தானா ஆகிய ஊர்களின் சமூகக் கல்லூரிகளில் பொதுமக்களுக்கு நடத்தப்படும் குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

வருமானம் வரத் தொடங்கியதும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.-இல், தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரும் தொழில் வருமானமும் கணக்கில் சேர வேண்டியதே. வரவுசெலவுச் சீட்டுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். "சேமநிதி உண்டா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. முதலாளி இல்லாதவர் 'ஐ-சாரான்' திட்டத்தில் தாமே விரும்பிச் சந்தா செலுத்தலாம். அரசும் ஒரு தொகையைச் சேர்க்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இணைய வேலை தேடும் நம் பிள்ளைகளைக் குறிவைத்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்திகள் வருகின்றன. முதலில் சிறு வேலைக்குப் பத்து இருபது வெள்ளி உண்மையாகவே கொடுப்பார்கள். பிறகு, பெரிய வேலை வேண்டுமென்றால் வைப்புத்தொகை கட்டு என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்பது எந்தத் தொழிலிலும் வழக்கமில்லை. அப்படிப் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த மணி நேரத்திலேயே உங்கள் வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் தொலைபேசி செய்யுங்கள். அதன்பின் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாற்றப்படும் முன் தடுத்து நிறுத்தச் சில வேளைகளில் வாய்ப்பிருக்கிறது.