வெப்பத்தால் வெளிப்பட்ட இரகசியம்

ஒரு நோய்க்கிருமி மருந்துக்கு அடங்காமற் போவது எப்படி? கிருமி மெல்ல மெல்ல மருந்துக்குப் பழகிவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஜப்பான் நாட்டில் சீதபேதிக் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஒரே கிருமி, நான்கு மருந்துகளை ஒருங்கே எதிர்த்து நின்றது. ஒச்சியாய் என்பவரும் அகிபா என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து, இந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குக் கைமாறுகிறது என்பதை 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

கைமாறும் அப்பொருளுக்கு இன்று பிளாஸ்மிட் என்று பெயர். அது பாக்டீரியாவின் பெரிய மரபிழையோடு சேராமல், அதே உயிரணுவுக்குள் தனித்து வாழும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையம். தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் போய்ச் சேரும். குடியிருக்க இடம் கொடுத்த உயிரணுவுக்கு அது தரும் வாடகைதான் மருந்தெதிர்ப்பு என்று சொல்லலாம். அந்த வாடகை மனமுவந்து தரப்படுவதுதானா என்பதையே இன்று நான் உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

தெரவாகி, தகயாசு, அகிபா என்னும் மூவரும் 1967-இல் ஒரு விசித்திரமான பிளாஸ்மிட்டைப் பற்றி எழுதினார்கள். புரோட்டியஸ் வல்காரிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த அதன் பெயர் ஆர்.டி.எஸ்.1. கானமைசின் என்னும் மருந்தை எதிர்க்கும் வல்லமையை அது அளித்தது. அந்த மருந்தே ஜப்பானில் உமசாவா என்பவர் 1957-இல் கண்டறிந்து வெளியிட்டதுதான்; பத்தே ஆண்டுகளில் அதற்கு எதிரியும் வந்துவிட்டது! இந்தப் பிளாஸ்மிட் வெப்பத்துக்கு அஞ்சியது. 25 டிகிரி செல்சியஸில் அது ஓர் உயிரணுவிலிருந்து இன்னொன்றுக்கு நன்றாகத் தாவும். 42 டிகிரியிலோ தாவுவது ஏறக்குறைய நின்றுவிடும். தன்னை நகலெடுத்துக்கொள்ளவும் அதனால் இயலாது.

இங்கே சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்மிட்டின் ஒரே பிரதி உள்ள ஓர் உயிரணுவை 42 டிகிரியில் வைக்கிறோம். உயிரணு பிரிகிறது, பிளாஸ்மிட் பெருகவில்லை. பத்து முறை பிரிந்தபின் 1024 உயிரணுக்கள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றே ஒன்றில்தான் பிளாஸ்மிட் இருக்கும். நல்ல ஊட்டத்தில் குடலில் வாழும் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பிரியக்கூடியது. ஆகவே மூன்றரை மணி நேரத்துக்குள் சுமை நீங்கிய ஆயிரம் உயிரணுக்கள் செழித்துப் பெருகியிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. எதிர்ப்பை இழந்த உயிரணுக்கள் சில தோன்றியது உண்மையே. ஆனால் கூட்டம் முழுவதும் வளர்ச்சி குன்றிப் போயிற்று. பிளாஸ்மிட் இல்லாத சாதாரண ஈ.கோலையோ அதே 42 டிகிரியில் சுகமாக வளர்கிறது. எனவே குற்றம் வெப்பத்தினுடையது அன்று. நகலெடுக்கவும் இயலாத ஒரு பிளாஸ்மிட், தன் இல்லத்தையே முடக்குவானேன்? இந்த வினா என்னை மிகவும் கவர்ந்த ஒன்று.

விடை கிடைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1996-இல் ஜப்பானிய அறிஞர்கள் அந்தப் பிளாஸ்மிட்டில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு மரபணுக்களை விவரித்தார்கள். ஒன்று ஒரு நச்சுப் புரதத்தை ஆக்குகிறது. மற்றொன்று அதற்கு முறிமருந்தை ஆக்குகிறது. உயிரணு புரதங்களைச் செய்வதற்கான கட்டளைகளை ஏந்திவரும் ஆர்.என்.ஏ. இழைகளை, ரைபோசோம் என்னும் புரதப் பட்டறையிலேயே வெட்டிப் போடுவது அந்த நஞ்சின் தொழில். முறிமருந்து அதைப் பிடித்து அடக்கி வைக்கும். நஞ்சு நீடித்து நிற்கும். முறிமருந்தோ விரைவில் அழிந்துவிடும், ஆகவே இடைவிடாமல் புதிதாக ஆக்கப்பட வேண்டும். பிளாஸ்மிட் உள்ளவரை கவலையில்லை. அது போய்விட்டால் முறிமருந்தை ஆக்க ஆளில்லை. எஞ்சிய நஞ்சு விழித்துக்கொள்கிறது. வீட்டுச் சோற்றுப் பானையில் நஞ்சைக் கலந்துவிட்டு, முறிமருந்தைத் தன் மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை யார்தான் வெளியே போகச் சொல்ல முடியும்?

மருத்துவத்தில் இதன் விளைவு சிறியதன்று. ஒரு மருந்தைச் சில காலம் நிறுத்தி வைத்தால், பயனற்ற சுமையாகிய எதிர்ப்புப் பிளாஸ்மிட்டுகளைக் கிருமிகள் தாமே உதறிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. சில இடங்களில் எதிர்ப்பு குறைந்ததும் உண்டு. ஆனால் இத்தகைய நஞ்சு-முறிமருந்து இணைகள் பல பிளாஸ்மிட்டுகளில் இருக்கின்றன. உதறியவை மாய்கின்றன, அல்லது முடங்குகின்றன, உதறாதவை பெருகுகின்றன. மருந்தே இல்லாத இடத்திலும் மருந்தெதிர்ப்பு நிலைத்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் நோயாளியின் உடலைச் சூடேற்றிக் கிருமியை அடக்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 42 டிகிரி என்பது மனித மூளை தாங்கும் வெப்பமன்று. கிருமிக்கு முன்னால் நோயாளி போய்விடுவான். ஆய்வுக்கூடத்தில் மட்டும் இந்தக் குணத்தை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றியமைக்கக் கருவியாகும் ஒரு பிளாஸ்மிட், 30 டிகிரியில் நிலைத்திருக்கும். வேலை முடிந்தபின் 37 டிகிரிக்கு உயர்த்தினால் மறைந்துவிடும்.

இன்னொரு வகை வெப்ப உணர்வையும் சொல்லியாக வேண்டும். தைபாய்டுக் கிருமியில் காணப்படும் சில பெரிய பிளாஸ்மிட்டுகள் 37 டிகிரியிலும் நன்றாகவே நகலெடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஓர் உயிரணுவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது 30 டிகிரிக்குக் கீழேதான் செவ்வனே நடக்கிறது. 1972-இல் மெக்ஸிகோவில் பரவிய தைபாய்டு, அந்நோய்க்கு அன்று முதன்மை மருந்தாக இருந்த குளோராம்பெனிக்காலுக்கு அடங்கவில்லை. அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அடங்காத தைபாய்டு தோன்றியது. மெக்ஸிகோக் கிருமியிடம் இருந்தது இந்த வகைப் பிளாஸ்மிட்டுதான். இதன் பண்பை நோக்கினால், இந்த எதிர்ப்பு கைமாறுவதற்கு ஏற்ற இடம் காய்ச்சலால் கொதிக்கும் உடலன்று. ஊர்ச் சாக்கடையும், அது கலக்கும் குளிர்ந்த நீருமே ஆகும்.