வற்றாத பாத்தி

இடையஞ்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இறங்கி வடக்கே போனால், முந்திரித் தோப்பும் செம்மண்ணும் கண்ணை விட்டு மறைந்து, மரக்காணத்து உப்பளம் வந்துவிடும். ஊரெல்லாம் வெயிலைத் திட்டும்போது உப்புக்காரர்களுக்கு மட்டும் அது படியளக்கிறது. அப்படியென்றால் பூமி சூடாகச் சூடாக உப்பு கொழிக்க வேண்டுமே?

கடல்நீரின் அடர்த்தி போமே மானியில் ஏறக்குறைய 3 டிகிரி. 25-ஐ நெருங்கினால்தான் உப்பு விளையும். அதுவரை பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி நீரை வற்றவிட வேண்டும். அந்த வேலையில் பாதி காற்றினுடையது. ஈரத்துண்டால் ஈரத்தைத் துடைக்க முடியுமா? ஈரக்காற்றும் அப்படித்தான்.

வானிலை நிலையங்களில் திறந்த தொட்டியில் நீர் வைத்து, நாளுக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று அளப்பார்கள். 1961 முதல் 1992 வரையிலான இந்தியக் கணக்குகளைச் சட்டோபாத்யாயா, ஹியூம் என்ற இரு ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். வெப்பம் ஏறிய அதே காலத்தில் ஆவியாதல் குறைந்திருந்தது! காற்றில் ஈரப்பதம் கூடியதே முக்கியக் காரணம் என்று 1997-இல் எழுதினார்கள். எனக்கு இது உப்பளத்துக்கென்றே செய்த ஆய்வு போலத் தோன்றும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பக்கத்திலேயே கடல் இருக்கும்போது அதற்குப் பஞ்சமில்லை.

நிலத்தில், 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி ஏறியது. 1901-க்குப் பிறகு மிகச் சூடான ஆண்டு 2024 என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அந்த ஆண்டில் இயல்பைவிட அதிகம் சூடேறியது கத்திரி வெயில் காயும் கோடையல்ல (0.56 டிகிரி); அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது நமது அடைமழைக் காலம் (0.83). ஓராண்டை வைத்துப் போக்கு சொல்லக் கூடாதுதான். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 30-இல்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மரக்காணத்துப் பாத்திகள் வெள்ளத்துக்கு அடியில் போயின.

பாத்தியை வற்றவிடாத அதே காற்று, உடம்பின் வியர்வையையும் உலரவிடுவதில்லை. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உப்பளங்களில் கழிப்பறை அரிது. ஒதுங்க இடமில்லாத பெண்கள் அந்தப் புழுக்கத்திலும் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள்.