உள்ளமும் அழற்சியும்

காலில் முள் தைத்த இடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, நோகின்றது. உட்புகுந்த பகையை ஒழித்தற்பொருட்டு உடலே மூட்டும் தீ அது. அழல் என்னும் சொல்லினின்று பிறந்த அழற்சி என்னும் பெயர் அதற்கு மிகப் பொருத்தமுடையதன்றோ? முள்ளை எடுத்துவிட்டால் சின்னாளில் அத்தீ தணியும். தணியாது உள்ளேயே கனன்றுகொண்டிருப்பின், காத்தற்கு எழுந்ததே உடலுக்குக் கேடாய் முடியும்.

இத்தீ உள்ளத்தையும் சுடுமோ என்பதே இன்று அறிஞர் ஆராயும் வினா. இருதுருவ மனநோய் உற்றோர் சில காலம் உறக்கமும் வேண்டாது அளவிறந்த கிளர்ச்சியுடன் திரிவர். சில காலம் எழுந்து நடமாடவும் மனமின்றிச் சோர்ந்து கிடப்பர். இடையிடையே நலமுற்று இருப்பாரும் பலர். இவரைப் பேய் பிடித்தவர் என்றும், மனத்திட்பம் இல்லாதவர் என்றும் பழிப்போர் இன்றும் உளர். பழிப்போர் அவர்தம் குருதியைச் சோதித்தறியார்.

கல்லீரல் சுரக்கும் சி-வினைப் புரதம் என்னும் பொருள், அழற்சி மிகுந்துழித் தானும் மிகும். இந்நோயாளர் பலரை ஆராய்ந்தபொழுது, நலமுடையாரினும் அவர் குருதியில் அப்புரதம் மிகுந்திருத்தல் புலனாயிற்று. கிளர்ச்சிக் காலத்தில் அம்மிகுதி பின்னும் பெரிது. வெள்ளணுக்கள் முதலியன விடுக்கும் தூதுப்பொருள்கள் சிலவும் அவ்வாறே மிகுகின்றன. அவை மூளையிலுள்ள காவல் உயிரணுக்களைத் தூண்டவல்லன. 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஒர்த்தேகா விளக்கிக் காட்டிய உயிரணுக்கள் இவை. காவலர் ஓயாது சினந்து நிற்பின் காக்கப்படும் நரம்புகளே நலியக்கூடும். நோய் மீண்டும் மீண்டும் வருந்தோறும் சிலர்க்கு நினைவாற்றலும் தெளிவும் குன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுவர்.

ஆயின், அழற்சியால் நோய் வளர்ந்ததோ, நோயால் அழற்சி வளர்ந்ததோ? உடற்பருமனும், புகைபிடித்தலும், உறக்கக்கேடும் அழற்சியை மிகுவிப்பன. அவை இந்நோயாளரிடத்து மிகுதியும் காணப்படுவன. தீயை அவித்துப் பார்த்தாலன்றி ஐயம் தீராது. அழற்சிக்குரிய குறிகளோடு சோர்வுநிலையில் இருந்த 60 பேரைக் கொண்டு 12 வாரம் நிகழ்ந்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. தூதுப்பொருள் ஒன்றைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் என்னும் மருந்து ஒரு சாரார்க்கும், வெறுநீர்மம் மறுசாரார்க்கும் செலுத்தப்பெற்றன. மொத்தத்தில் மருந்து சிறந்ததாகத் தோன்றவில்லை. எனினும், இளமையில் அடியுண்டு வருந்தியவரிடத்து மட்டும் சோர்வு குறைந்தது. அவர்தம் தொகை சிறிதாதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது.

ஆதலின் மருத்துவர் பழைய மருந்துகளைக் கைவிட்டாரல்லர். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுமென்று அறிவித்த லித்தியம் என்னும் உப்பே இன்றும் அவற்றுள் தலையாயதாய் நிற்கின்றது.