கண்டி மண்ணில் கேத்திரகணிதமும் காவிகளும்



பைதகரசின் தேற்றத்தைத் தவறின்றிச் சொல்லும் மாணவர் பலர், "கப்பலொன்று துறைமுகத்திலிருந்து வடக்கே..." எனத் தொடங்கும் வினாவைக் கண்டதும் தடுமாறுகின்றனர். சூத்திரம் தெரியாமை இதற்குக் காரணமன்று. வசனத்தினுள் மறைந்திருக்கும் முக்கோணியைக் காணப் பழகாமையே காரணம். கப்பலைச் சற்று ஒதுக்கிவைத்து, நமக்குப் பழக்கமான கண்டி வாவியிலும் புகையிரதப் பாதையிலும் மலைச்சரிவிலும் அம்முக்கோணியைத் தேடுவோம்.

1. தூரமும் இடப்பெயர்ச்சியும்

கண்டி வாவி 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் அமைக்கப்பட்டது. அதனைச் சுற்றிவர 3 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும். தலதா மாளிகையின் முன்னே புறப்பட்டு, ஒரு முழுச் சுற்று வந்து அதே இடத்தில் நிற்கிறீர்கள் எனக் கொள்வோம். நடந்த தூரம் 3 கி.மீ. இலும் அதிகம். ஆனால் இடப்பெயர்ச்சி பூச்சியம். கால் வலித்தாலும் விடை பூச்சியமே!

தூரத்துக்குப் பருமன் மட்டுமே உண்டு. அது எண்ணிக் கணியம். இடப்பெயர்ச்சிக்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு; அது காவிக் கணியம்.

2. கொழும்பிலிருந்து கண்டிக்கு

கண்டிக்கான புகையிரதப் பாதை 1867 இல் திறக்கப்பட்டது. கொழும்பு கோட்டையிலிருந்து கண்டி வரை பாதையின் நீளம் ஏறத்தாழ 121 கி.மீ. தேசப்படத்தில் பார்த்தால், கண்டி கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. உம் கிழக்கே ஏறத்தாழ 86 கி.மீ. உம் தள்ளி அமைந்துள்ளது. இவ்விரு நீளங்களையும் செங்கோணத்தின் இரு பக்கங்களாக வரையுங்கள். செம்பக்கமே இடப்பெயர்ச்சி.

இடப்பெயர்ச்சியின் பருமன் = √(40² + 86²) = √8996 ≈ 95 கி.மீ.

வடக்குக் கோட்டுடன் ஆக்கும் கோணத்தின் தான்சன் = 86 ÷ 40 = 2.15
எனவே கோணம் ≈ 65°, திசைகோள் 065°.

"95 கி.மீ." என மட்டும் எழுதினால் விடை அரைகுறையானது. "065° திசைகோளில் 95 கி.மீ." என்பதே முழு விடை. கண்டியிலிருந்து கொழும்புக்குத் திரும்பும்போது பருமன் மாறாது; திசைகோள் 065° + 180° = 245° ஆகும். திசைகோளை எப்போதும் மூன்று இலக்கங்களில் எழுதுங்கள்.

3. புகையிரதம் ஏன் மெதுவாக ஏறுகிறது?

றம்புக்கணையைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. அங்கு பாதையின் சாய்வு 45 இற்கு 1. அதாவது, பாதை வழியே 45 மீற்றர் சென்றால் 1 மீற்றர் உயர்வோம். சாய்வுக் கோணத்தின் சைன் 1 ÷ 45 = 0.0222, கோணம் ஏறத்தாழ 1° 16′ மாத்திரமே.

இவ்வளவு சிறிய கோணம் ஒரு பொருட்டா? நிறையும் ஒரு காவிக் கணியம். அது நிலைக்குத்தாகக் கீழ்நோக்கித் தாக்குகிறது. சாய்தளத்தில் அதன் ஒரு கூறு தளம் வழியே கீழ்நோக்கி இழுக்கும்.

சாய்வு வழியேயான கூறு = நிறை × சாய்வுக் கோணத்தின் சைன்

4500 நியூற்றன் நிறையுள்ள பொருளொன்றுக்கு இக்கூறு 100 நியூற்றன். முழுப் புகையிரதத்தின் நிறைக்கும் இதே விகிதத்தில் கணித்துப் பாருங்கள். எஞ்சினின் சிரமம் விளங்கும்.

4. மலைச்சரிவில் வீடு

அதே 4500 நியூற்றன் நிறையுள்ள பாறை 30° சரிவில் இருந்தால்? சைன் 30° = 0.5. ஆகவே கீழ்நோக்கிய கூறு 2250 நியூற்றன், அதாவது நிறையின் அரைவாசி! அதனைத் தடுத்து நிறுத்துவது உராய்வும் மண்ணின் பிடிப்புமே. கடும் மழையில் நீர் ஊறும்போது அப்பிடிப்புத் தளர்கிறது. கீழ்நோக்கிய இழுவையோ குறைவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் பெய்த மழையில் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டு உயிர்கள் பலியானதை நாம் அறிவோம். சரிவை நிமிர்த்தி வெட்டி வீடு கட்டுவது ஏன் ஆபத்தானது என்பதற்கு இந்த முக்கோணியே விடை கூறுகிறது. நிலத்தில் புதிய வெடிப்புகளோ சாயும் மரங்களோ தென்பட்டால் தாமதியாது பெரியவர்களுக்குத் தெரிவித்து அவ்விடத்தைவிட்டு விலகுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

நினைவிற் கொள்க

• முதலில் படம் வரைக; வடக்குத் திசையைக் குறிக்க.
• செங்கோணத்தை அடையாளமிட்டு, தரப்பட்ட நீளங்களைப் படத்தில் எழுதுக.
• காவிக் கணியமாயின் பருமன், திசை இரண்டையும் தருக.

பயிற்சி

மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து கிழக்கே 300 மீற்றரும் பின்னர் வடக்கே 400 மீற்றரும் நடந்து பாடசாலையை அடைகிறாள். அவள் நடந்த தூரம், இடப்பெயர்ச்சி ஆகியவற்றைக் காண்க.

(விடை: தூரம் 700 மீற்றர், இடப்பெயர்ச்சி 037° திசைகோளில் 500 மீற்றர்)

விடையைப் பார்க்குமுன் படத்தை வரைந்தீர்களா? வரைந்திருந்தால், பரீட்சையில் வரும் கப்பலும் இனி உங்களைத் தடுமாற வைக்காது.