இடுகாட்டைக் காத்த நரிமுகத் தேவன்

நைல் நதிக்கு மேற்கே, வயல்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பண்டை எகிப்தியர் தங்கள் பிரேதங்களைப் புதைத்து வந்தார்கள். சூரியன் மறையும் திசை அது. மாண்டவர் செல்லும் திசையும் அதுவே என்பது அவர்கள் கொள்கை. ஆதிகாலத்துக் குழிகள் ஆழமற்றவை. பொழுது சாய்ந்ததும் பாலைவனத்து நரிகள் இறங்கி வந்து, மணலைப் பறித்துப் பிரேதத்தை வெளியே இழுத்துவிடும். உற்றாரைப் பறிகொடுத்தவர்களுக்கு இதைவிடக் கொடிய காட்சி வேறென்ன வேண்டும்? அந்த ஜனங்கள் செய்த காரியந்தான் விசித்திரமானது. எந்த மிருகம் பிரேதத்தைத் தோண்டியதோ, அதன் முகத்தையே ஒரு தேவனுக்கு அளித்து, பிரேதங்களைக் காக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்புவித்தார்கள். அனுபிஸ் பிறந்த கதை இதுவே என்பது அறிஞர்களின் அபிப்பிராயம்.

அனுபிஸ் என்பது கிரேக்கர் இட்ட பெயர். எகிப்திய பாஷையில் அது 'இன்பு' அல்லது 'அன்பு' என்பது போல ஒலிக்கும். (அந்த எழுத்தில் உயிரொலிகள் குறிக்கப்படாமையால் திட்டமாய்ச் சொல்வதற்கில்லை. நம் சொல்லாராய்ச்சிக்காரர்கள் உறவு கொண்டாட ஓடி வரவேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.) அவன் நிறம் கறுப்பு. அந்த மிருகமோ பழுப்பு நிறத்தது. அது ஓநாய்க்கு நெருங்கிய தனி இனம் என்று 2015-ம் வருஷத்தில் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. பின், கறுப்பு எங்கிருந்து வந்தது? மருந்திட்ட பிரேதத்தின் நிறம் கறுப்பு. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்து சேர்த்த நைல் வண்டலின் நிறமும் கறுப்பு. சாவின் நிறத்திலேயே விளைச்சலையும் கண்ட தேசம் அது.

பிரமிடுகள் எழுந்த காலத்தில் மாண்டவர் உலகுக்கு அனுபிஸே தலைவனாயிருந்தான். பின்னர் ஒஸைரிஸ் என்னும் தேவனுடைய வழிபாடு ஓங்கவே, அவன் சிம்மாசனத்தை இழந்தான். ஆனால் உத்தியோகத்தை இழக்கவில்லை. ஒஸைரிஸைத் தம்பி ஸேத் வஞ்சித்துக் கொன்று, உடலைப் பதினான்கு துண்டுகளாக்கிச் சிதறினான் என்று கிரேக்க ஆசிரியர் புளுடார்க் எழுதியிருக்கிறார். பத்தினி ஐஸிஸ் அலைந்து திரிந்து அவற்றைத் தேடினாள். அந்த உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றி, முதல் 'மம்மி'யாக ஆக்கியவன் அனுபிஸ் என்பது எகிப்தியப் புராணம். ஸேத் சிறுத்தை உருவெடுத்து அவ்வுடலைக் குலைக்க வந்தபோது, அனுபிஸ் அவனைப் பிடித்துக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டானாம். சிறுத்தையின் உடம்பில் புள்ளிகள் வந்தது அப்படித்தான்!

தேவன் செய்த தொழிலை மானிடரும் செய்தார்கள். குடலை எடுத்து, உடலை நேட்ரன் என்னும் உப்பில் உலர்த்தி, பிசின் பூசித் துணி சுற்றி முடிக்க எழுபது நாட்கள் ஆகும். நரிமுகம் கொண்ட மண் முகமூடியொன்று ஜெர்மனியில் ஹில்டஸ்ஹைம் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. கழுத்தருகே கண்களுக்குத் துவாரமிட்டிருப்பதால், புரோகிதர் ஒருவர் இதை அணிந்து அனுபிஸாக நின்றிருக்கவேண்டுமென்று ஊகிக்கலாம்.

அவனுடைய புகழ்பெற்ற வேலை தராசு பிடிப்பதுதான். சுமார் 3,200 வருஷங்களுக்கு முந்திய, ஆனி என்ற எழுத்தரின் பாபிரஸ் ஏட்டில் அக்காட்சியைக் காணலாம். ஒரு தட்டில் மாண்டவனின் இருதயம். மறு தட்டில் சத்தியத் தேவதையான மாஅத்தின் இறகு. அனுபிஸ் முழந்தாளிட்டுத் தராசின் முள்ளைக் கவனிக்கிறான். நம் சித்திரகுப்தனைப் போல, தோத் என்னும் தேவன் எழுதுகோலுடன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் முதலைத் தலையும், சிங்கத்தின் முன்னுடலும், நீர்யானையின் பின்னுடலும் உடைய ஒரு பிராணி, கனத்த இருதயத்தை விழுங்கக் காத்திருக்கிறது. அனுபிஸ் யாருக்கும் தயவு காட்டுவதில்லை, யாரையும் வஞ்சிப்பதுமில்லை. அதனால்தானோ என்னவோ, தனக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லவேண்டாமென்று இருதயத்தையே வேண்டிக்கொள்ளும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மார்பில் வைத்துக்கொண்டார்கள். சாட்சியைக் கலைக்கும் வித்தை அவ்வளவு பழமையானது!

இத்தகைய காவலன் இருந்தும் கல்லறைகள் தப்பவில்லை. ராஜாக்கள் ஆண்ட காலத்திலேயே உள்ளூர்த் திருடர் புகுந்தனர். பிற்காலத்தில் ஐரோப்பியர் மம்மிகளைப் பொடித்து மருந்தென்று விழுங்கினார்கள். சித்திரக்காரர்களுக்குப் பழுப்பு வர்ணமாகவும் அரைத்தார்கள். நரிகள் இவ்வளவு செய்ததில்லை. ஆனியின் ஏட்டை 1888-ம் வருஷத்தில் வாலிஸ் பட்ஜ் என்ற ஆங்கிலேயர் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்காக வாங்கிச் சென்றார். அங்கே அதை 37 துண்டுகளாக நறுக்கினார்கள்.

எகிப்து பெயரளவில் சுதந்திரம் பெற்றது 1922 பிப்ரவரியில். அதே வருஷம் நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர், துத்தன்காமன் என்னும் இளவயதிலேயே மாண்ட மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளறை வாசலில், கறுப்புப் பூசிய மரத்தாலும் பொன் காதுகளாலும் ஆன அனுபிஸ், மெல்லிய துணி போர்த்திப் படுத்திருந்தான். பொருள்களில் பங்கு எதிர்பார்த்தனர் வெளிநாட்டார். 1924-ம் வருஷத்தில் ஸாத் ஸக்லூலின் தேசிய மந்திரிசபை பதவிக்கு வந்தது. அடுத்த சச்சரவில் கார்ட்டர் வேலையை நிறுத்தவே, சர்க்கார் கல்லறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. மறு வருஷம் கார்ட்டர் திரும்பியபோது, பங்கு என்ற பேச்சே இல்லை. அடிமைப்பட்டிருந்த தேசத்துக்கு அது சிறிய வெற்றியன்று. தன் முன்னோரின் எலும்பு தன்னுடையது என்று சொல்லவும் ஓர் அரசாங்கம் வேண்டியிருக்கிறது.

முதலாம் ராம்ஸேஸ் என்று கருதப்படும் மம்மி, நயாகராவுக்கருகே ஒரு காட்சிசாலையில் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாய்க் கிடந்து, 2003-ம் வருஷத்தில் ஊர் திரும்பியது. 2021 ஏப்ரல் 3-ந் தேதி இரவு, பதினெட்டு மன்னர்களும் நான்கு ராணிகளும் கெய்ரோ வீதிகளில் அலங்கார வண்டிகளில் பவனி வந்து, பீரங்கி மரியாதையுடன் புதிய மாளிகையொன்றில் சேர்ந்தார்கள். ஆனியின் ஏடு மட்டும் இன்னும் லண்டனில் இருக்கிறது.